சிவப்பா, மஞ்சளா?

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சீரியல் செட் போட்ட மாதிரி எல்லா விளக்கும் எரிகிறதே... பயப்படாதீர்கள், அது சுயபரிசோதனை! இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாமல் ஒன்று முறைத்தால்தான் சங்கதி.

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் வட்டத்துக்கு வட்டம் சுற்றுகிறவரை கவலையில்லை. தள்ள நாலு பேர் வருவார்கள். சென்னைக்குக் கிளம்பி, பண்ருட்டி தாண்டியதும் எண்ணெய்க் கிண்டி போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால்? 'விழுப்புரத்தில் காபி குடிக்கும்போது பார்த்துக்கலாம்' கதையெல்லாம் வேண்டாம். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். ஆயில் பிரஷர் இல்லாமல் சில நிமிஷம் ஓடினாலே இன்ஜின் 'சீஸ்' ஆகிவிடலாம். கொஞ்சம் ஆறவிட்டு டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் எரிகிறதா? கட்டி இழுப்பதுதான் சிக்கனம்!

சிவப்பு பிரேக் விளக்கா? முதலில் ஹாண்ட் பிரேக்கை முழுசாக இறக்குங்கள். அப்புறம் ஃப்ளூயிட் டப்பா. மட்டம் இறங்கியிருந்தால் பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கேயோ ஒழுகும். சும்மா ஊற்றி மூடிவிட்டுப் போகாதீர்கள்.

மஞ்சள் இன்ஜின் விளக்கு அவ்வளவு அவசரமில்லை (மினுக்கினால் மட்டும் உடனே ஒர்க் ஷாப்!). 2020-க்குப் பின் வந்த பி.எஸ்.6 கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். சின்ன ஸ்கேனரைச் செருகினால் கோட் நம்பர் சொல்லும். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. இன்ஜின் ஆறியதும் அதன் காயிலை இரண்டாவது சிலிண்டரோடு மாற்றிப் போட்டு, கோடை அழித்து ஓட்டுங்கள். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி காயில்தான்!

செகண்ட் ஹாண்ட் கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாவி போட்டும் எரியவே எரியாத விளக்கைத்தான் முதலில் சந்தேகப்படணும். புண்ணியவான் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டிருப்பார்!