கை தூக்கியவர்களும் கையெழுத்துப் போட்டவர்களும்

கொல்கத்தா நகரின் கிழக்குப் பக்கத்தில் சால்ட் லேக் என்று ஒரு பகுதி இருக்கிறது. சால்ட் லேக் என்றால் உப்பு ஏரி. ஆனால் இன்று அங்கே போய் உப்பையும் ஏரியையும் தேடினால் கிடைக்காது. அகலமான சாலைகள், மாடி வீடுகள், அரசு அலுவலகங்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகள் இவைதான் கண்ணில் படும். பெரிய கால்பந்து மைதானம் ஒன்றும் உண்டு.

முன்பு அது சதுப்பு நிலமாக இருந்தது. கடலின் உப்புத் தண்ணீர் வித்யாதரி என்ற ஆற்றின் வழியாக அங்கே ஏறி வரும். 1962ஆம் ஆண்டு முதல் ஹூக்ளி ஆற்றின் அடியிலிருந்து மணலையும் வண்டலையும் எடுத்து, குழாய் வழியாகக் கொண்டு வந்து கொட்டி, அந்த இடத்தை மேடாக்கினார்கள். அதன் மேல் ஒரு புது நகரம் எழுந்தது. இந்தத் திட்டத்தைத் தொடங்கியவர் அப்போது மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராய். அவர் பெயரால் நகருக்கு பிதான்நகர் என்று பெயர். ஆனாலும் மக்கள் வாயில் சால்ட் லேக் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இந்த நகரை ஒட்டி மகிஷ்பதான் என்று ஓர் ஊர் இருக்கிறது. மகிஷம் என்றால் எருமை. நம் ஊரில் மகிஷாசுரன் என்று சொல்கிறோம் அல்லவா, அதே மகிஷம்தான். மகிஷ்பதான் என்றால் எருமைப் பட்டி. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்த ஊருக்குச் சிலர் மண்பானைகளோடு வந்தார்கள். உப்பு மண்ணைச் சுரண்டினார்கள். அடுப்பு மூட்டி உப்புக் காய்ச்சினார்கள். அப்போது அது குற்றம். ஜெயிலுக்குப் போக வேண்டிய குற்றம்.

தெரியாமல் செய்த குற்றம் அல்ல. ஜெயிலுக்குப் போவோம் என்று எழுதிய உறுதிமொழியை ஏற்றுக்கொண்ட பிறகு செய்த குற்றம்.

ஏழு காலணா

அந்த உறுதிமொழியின் கதை லாகூரில் தொடங்குகிறது. இன்று லாகூர் பாகிஸ்தானில் இருக்கிறது. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தது. ஜவஹர்லால் நேரு தலைவர். 'முழு விடுதலை வேண்டும், அரை விடுதலை வேண்டாம்' என்று அந்த மாநாடு முடிவு செய்தது. டிசம்பர் 31 நள்ளிரவில் ராவி ஆற்றங்கரையில் கொடி ஏற்றினார்கள்.

மாநாட்டில் தலைவர்கள் முடிவு செய்தால் போதுமா? ஊர் ஊராக மக்கள் ஏற்க வேண்டாமா? அதற்காகத்தான் ஓர் உறுதிமொழி எழுதப்பட்டது. 1930 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று நாடு முழுவதும் மக்கள் கூடி அதை ஏற்க வேண்டும் என்று ஏற்பாடு.

அதில் என்ன எழுதியிருந்தது? விடுதலை மக்களின் உரிமை என்று தொடங்கியது. அந்நிய ஆட்சியால் நாடு எப்படிக் கெட்டது என்று சொன்னது. வெறும் வீர வசனமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னது. நம் மக்களின் சராசரி வருமானம் ஒரு நாளைக்கு ஏழு பைசா என்றது. அன்றைய பைசா என்பது நாம் சொல்லும் காலணா. நான்கு காலணா சேர்ந்தால் ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். ஆக, ஒரு நாள் வருமானம் இரண்டு அணாவுக்கும் குறைவு. அரசு வாங்கும் வரியில் நூற்றுக்கு 20 பங்கு நில வரி, 3 பங்கு உப்பு வரி என்றும் அது சொன்னது. உப்பு வரி ஏழைகளைத்தான் அதிகம் அழுத்துகிறது என்றும் சொன்னது.

இந்தக் கடைசி வார்த்தையை யோசித்துப் பாருங்கள். பணக்காரர் வீட்டுச் சோற்றுக்கும் உப்பு வேண்டும். கூலிக்காரர் வீட்டுக் கஞ்சிக்கும் உப்பு வேண்டும். இருவருக்கும் வரி ஒன்றுதான். அன்று சுமார் 37 கிலோ உப்புக்கு ஒரு ரூபாய் நான்கு அணா வரி. அதாவது எண்பது காலணா. ஏழு காலணா சம்பாதிப்பவருக்கு அது பதினோரு நாள் வருமானத்துக்கும் மேல். உப்பு விலை தனி. இது வரி மட்டும்.

வங்காளத்தில் இன்னொரு வேதனையும் இருந்தது. காலங்காலமாக உப்புக் காய்ச்சிய நாடு அது. கம்பெனி ஆட்சி அந்தத் தொழிலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிறகு இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து கப்பலில் உப்பு வந்து கல்கத்தாவில் இறங்கியது. உப்புத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க, சீமை உப்பை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வாசிக்கத் தெரியாதவர்களின் உறுதிமொழி

அன்று நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை. அப்படியானால் உறுதிமொழியை எப்படி ஏற்பது?

காந்தி இதற்கு எளிய வழி சொன்னார். அந்தந்த ஊர் மொழியில் ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். கேட்டவர்கள் சம்மதம் என்றால் கையைத் தூக்க வேண்டும். மேடைப் பேச்சு வேண்டாம். மற்ற நேரத்தில் நூல் நூற்கலாம், ஏதாவது பொதுச் சேவை செய்யலாம் என்றார். பேச்சு வேண்டாம் என்றது கெட்டிக்காரத்தனம். நல்ல பேச்சாளர் வந்தால் கேட்பவர்கள் மயங்கிக் கை தூக்கிவிடுவார்கள். வாசித்ததைக் கேட்டு, புரிந்து, தூக்க வேண்டும்.

அன்று பல ஊர்களில் மக்கள் திரளாகக் கூடினார்கள். வங்காளத்தின் இளம் தலைவர் சுபாஷ் சந்திர போஸ் மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் வர முடியவில்லை. மூன்று நாள் முன்பு, ஜனவரி 23ஆம் தேதி, அவருக்கு ஓராண்டு சிறைத் தண்டனை கொடுத்திருந்தார்கள். அது அவருடைய பிறந்த நாளும்கூட.

கூட்டத்தோடு கை தூக்குவது பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்கத்தாக்காரர்களுக்கு அந்த அனுபவம் முன்பே இருந்தது. 1905ஆம் ஆண்டு வங்காளத்தை ஆங்கிலேயர் இரண்டாகப் பிரித்தார்கள். அந்நியத் துணி வாங்க மாட்டோம் என்று அப்போது ஆயிரக்கணக்கானவர்கள் சபதம் செய்தார்கள். ஒருவர் கையில் ஒருவர் ராக்கிக் கயிறு கட்டினார்கள். உணர்ச்சி பொங்கியது உண்மை. ஆனால் உள்நாட்டுத் துணி போதுமான அளவு இல்லை. விலையும் அதிகம். வசதியுள்ளவர்கள் சமாளித்தார்கள், ஏழைகள் திண்டாடினார்கள். சபதம் செய்யாத ஏழை வியாபாரிகளையும் விவசாயிகளையும் சில இடங்களில் மிரட்டினார்கள். ஊரை விட்டு ஒதுக்கினார்கள். கவி ரவீந்திரநாத் தாகூருக்கு இது பிடிக்கவில்லை. முதலில் அந்த இயக்கத்தில் முன்னால் நின்றவர், பிறகு விலகிக்கொண்டார். தனக்குச் செலவில்லாத சபதத்தை அடுத்தவர் தலையில் ஏற்றுவது எளிதுதான்.

நான்காவது வரி

1930இல் அப்படி விடவில்லை. ஜனவரியில் கை தூக்கியது முதல் படி. அடுத்த படி மார்ச் மாதம் வந்தது. மார்ச் 12ஆம் தேதி காந்தி 78 பேரோடு சபர்மதி ஆசிரமத்திலிருந்து தண்டிக் கடற்கரைக்கு நடக்கத் தொடங்கினார். விடுதலை கிடைக்காமல் ஆசிரமத்துக்குத் திரும்ப மாட்டேன் என்றார். அவர் நடந்துகொண்டிருந்தபோதே காங்கிரஸ் கமிட்டி அகமதாபாத்தில் கூடியது. போராட்டத்தில் சேரும் தொண்டர்களுக்கு ஓர் உறுதிமொழியை முடிவு செய்தது.

அதில் ஐந்தே அம்சங்கள்தான். போராட்டத்தில் சேர விரும்புகிறேன் என்பது முதலாவது. அமைதியான வழியில்தான் விடுதலை தேடுவேன் என்பது அடுத்தது. ஜெயிலுக்கும் எந்தக் கஷ்டத்துக்கும் தயார் என்பது மூன்றாவது. தலைமை சொல்வதைக் கேட்பேன் என்பது கடைசி.

நான்காவதை வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறோம். அது இப்படி: நான் ஜெயிலுக்குப் போனால், என் குடும்பத்துக்கு காங்கிரஸ் நிதியிலிருந்து பண உதவி கேட்க மாட்டேன்.

இதை வீட்டில் வைத்து யோசிக்க வேண்டும். வயதான அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள். உழைப்பவர் ஒருவர். அவர் ஆறு மாதம் ஜெயிலுக்குப் போனால் அடுப்பு எப்படி எரியும்? உயிரைக் கொடுப்பேன் என்று சொல்வது சுலபம். பலரும் சொல்வார்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு உங்களிடம் கை நீட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது அப்படி அல்ல. வீட்டில் உள்ளவர்களைக் கேட்காமல் அதில் கையெழுத்துப் போட முடியுமா? போட்டவர்கள் எல்லாரும் வீட்டில் கேட்டார்களா என்பது வேறு விஷயம். கஷ்டத்தைச் சுமந்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

கடுமையான வரிதான் அது. ஆனால் ஒளிவு மறைவு இல்லாத வரி. இன்ன நஷ்டம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது.

பானையும் அடுப்பும்

மகிஷ்பதானுக்கு வந்தவர்களின் தலைவர் சதீஷ் சந்திர தாஸ்குப்தா. அவர் ஒரு ரசாயன நிபுணர். பெங்கால் கெமிக்கல்ஸ் என்ற பெரிய தொழிற்சாலையில் உயர்ந்த வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, கல்கத்தாவுக்கு வடக்கே சோதேபூரில் காதி பிரதிஷ்டான் என்ற கதர் நிலையத்தை நடத்தினார். அவர் மனைவி ஹேமபிரபா தேவியும் அந்த வேலையில் சேர்ந்து நின்றார். ஆலையில் மருந்து தயாரித்தவர், மகிஷ்பதானில் மண்பானையில் உப்புக் காய்ச்சினார். ஊர் ஜமீன்தார் லட்சுமிகாந்த பிராமாணிக் அவர்களுக்குத் துணை நின்றார்.

வங்காளத்தில் உப்பு எடுக்கும் முறை நம் உப்பளம் போன்றது அல்ல. அங்கே ஈரக் காற்று அதிகம். வெயிலில் மட்டும் காய வைத்தால் போதாது. உப்புப் படிந்த மண்ணைச் சுரண்டுவார்கள். அதில் தண்ணீர் ஊற்றி வடிகட்டுவார்கள். வடிந்த தண்ணீரைப் பானையில் கொதிக்க வைப்பார்கள். தண்ணீர் வற்றினால் அடியில் உப்பு நிற்கும். எவ்வளவு உப்பு கிடைத்தது என்பது முக்கியம் அல்ல. மகிஷ்பதான் உப்பால் கல்கத்தாவுக்குச் சோறு சமைக்க முடியாது என்பது காய்ச்சியவர்களுக்கும் தெரியும்.

இதே போராட்டம் நம் தமிழ்நாட்டில் வேதாரண்யத்தில் நடந்தது. ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்தார். அவர்களுக்குச் சோறு போடக் கூடாது, தங்க இடம் தரக் கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவிட்டார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று யாரைப் பிடிப்பது? ஏப்ரல் 30ஆம் தேதி உப்பு அள்ளிய ராஜாஜிக்கு ஆறு மாதம் ஜெயில். உதவி செய்த வேதாரண்யம் வேதரத்தினம் பிள்ளையின் சொத்துகள் பறிமுதல் ஆயின. ருக்மணி லட்சுமிபதி என்ற பெண்மணியும் ஜெயிலுக்குப் போனார்.

இவர்கள் பெரிய மனிதர்கள். வைரப்பன் பெரிய மனிதர் அல்ல. வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளி. போராட்டக்காரர்களை அடிக்கும் போலீசுக்கு எந்த வேலையும் செய்வதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். ஒரு நாள் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் முடிந்தது. அப்போதுதான் வந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. மீதிச் சவரத்தைச் செய்து முடி என்று நீதிபதி சொன்னாராம். 'என்னால் முடியாது, வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று வைரப்பன் பதில் சொன்னாராம். அந்த ஊரில் இன்றும் இப்படிச் சொல்வார்கள். அவர் ஜெயிலுக்குப் போனார். அவர் நினைவாக வேதாரண்யத்தில் ஒரு தூண் நிற்கிறது.

அந்தப் போராட்டத்தில் நாடு முழுவதும் 60,000 பேருக்கு மேல் சிறை சென்றார்கள். பிற்காலத்தில் சால்ட் லேக் நகரைத் தொடங்கிய பிதான் சந்திர ராயும் அவர்களில் ஒருவர். 1930 ஆகஸ்டில் அவரைக் கைது செய்தார்கள்.

உடனே விடுதலை வந்துவிடவில்லை. 1931 மார்ச்சில் காந்தியும் வைஸ்ராய் இர்வினும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். உப்பு கிடைக்கும் இடங்களில் உள்ளவர்கள் தங்கள் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. அவ்வளவுதான். வரி அப்படியே இருந்தது. நிறைய பேருக்கு அதில் ஏமாற்றம். உப்பு வரி 1947இல்தான் ஒழிந்தது.

ஜனவரி 26 மட்டும் மறக்கப்படவில்லை. அரசியல் சட்டம் எழுதி முடித்த பிறகு, அதை நடைமுறைக்குக் கொண்டுவர அந்த நாளையே தேர்ந்தெடுத்தார்கள். 1950 ஜனவரி 26. நம் குடியரசு தினம். அந்தச் சட்டத்தின் முகவுரையும் ஓர் உறுதிமொழிதான். சமூக அறிவியல் பாடப் புத்தகத்தில் அது இருக்கும். வீட்டில் பிள்ளைகளின் புத்தகம் இருந்தால் எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்துப் பாருங்கள். அதில் உறுதி கொடுப்பது அரசனோ தலைவரோ அல்ல, 'நாம்'.