பஞ்சம் வெட்டிய கால்வாய்

சென்னைக்குச் செல்லும் நம்மவருள் மயிலைக் கபாலீசுவரரைத் தரிசியாது திரும்புவோர் மிகச் சிலரே. ஆயினும், அக்கோயிலுக்கு அண்மையில், திருமயிலைப் புகையிரத நிலையத்தின் அடியில் கருநிறமாய்த் தேங்கிக் கிடக்கும் நீரை மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பதன்றி, அஃது யாதென வினவுவோர் அரியர். அதுவே பக்கிங்காம் கால்வாய். ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை, கடலோரமாகச் சுமார் 420 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நீர்வழி.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பசில் கொக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டுவித்ததே இதன் மூலப்பகுதி. 1837இல் அரசு அதனை ஏற்றுச் சிறிது சிறிதாக நீட்டியது. எனினும், நகரின் நடுவே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட 8 கிலோமீற்றர் இணைப்பின்றிக் கிடந்தது. அவ்விடைவெளியை நிரப்பியது தாது வருடப் பஞ்சம்.

பசித்து வந்தோர்க்கு நிவாரண வேலையாக 1877–78இல் அப்பகுதி வெட்டப்பட்டது. நிவாரணம் என்ற சொல்லைக் கேட்டு நாம் பெரிதாக எண்ணிவிடலாகாது. 1877இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைகளுக்கு விதித்த கூலி, ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஓர் அணாவுமே! உயிர் தாங்க அது போதாதெனச் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் வாதாடினார். சில மாதங்களின் பின்னரே அளவு உயர்ந்தது. அதே பஞ்சத்துக்குத் தப்பி, கடல் கடந்து நம் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அடைந்தோர் பலர். அவர்தம் உறவினர் சிலர் இக்கால்வாயில் மண் சுமந்திருத்தலும் கூடும். கால்வாய்க்குப் பெயரானவரோ, அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன்.

பின்னர் விறகும் உப்பும் இவ்வழியே நகருக்கு வந்தன. காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். இல்லையேல் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுப்பர். மயிலையின் தண்ணீர்த்துறைச் சந்தை அந்நாட் படகுத்துறையின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' என்னும் பாடல் இக்கால்வாய்ப் படகுப் பயணத்தில் விளைந்ததே.

1965–66, 1976ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. எஞ்சியதைக் கழிவுநீர் கொண்டது. அதன்மேல், பறக்கும் புகையிரதப் பாதையின் தூண்களைக் கால்வாயின் மடியிலேயே நாட்டினர். 1995இல் சேப்பாக்கம் வரை ஓடிய அப்புகையிரதம் 2007இல் வேளச்சேரியை எட்டியது. இத்தனைக்கும், 2004இன் ஆழிப்பேரலையின்போது ஆந்திரக் கரையில் பாய்ந்த கடல்நீரின் ஒரு பங்கைத் தான் வாங்கி ஊர்களைக் காத்தது இக்கால்வாயே.

2008இல் இதனையும் உள்ளடக்கித் தேசிய நீர்வழி எண் 4 அறிவிக்கப்பட்டது. மயிலைத் தூண்களுக்கிடையே பழைய சரக்குப் படகொன்று நுழைய இடம் காண்பது அரிது.