சரிவும் கொடியும் உரிமையும்
இறம்பொடைப் படிநிலத் தோட்டங்களுக்கான கொடித் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

தமிழ் இலக்கிய மரபிற் கொடி என்பது மென்மைக்கும் சார்ந்து வாழும் இயல்புக்கும் உவமையாகப் பன்னெடுங்காலம் பயின்று வந்துள்ளது. படர்வதற்குக் கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் செய்தி யாவரும் அறிந்ததே. ஆயின், அப்பாரியின் பறம்புமலையைக் கபிலர் பாடிய புறநானூற்றின் 109 ஆம் பாட்டு, கொடியின் வேறொரு பயனை நினைவூட்டுகின்றது. உழவர் உழாமலே அம்மலை தரும் விளைபொருள்கள் நான்கனுள் வள்ளிக்கிழங்கும் ஒன்றாக ஆங்கு எண்ணப்பட்டுள்ளது. மலைவாழ் மக்களுக்குக் கொடி அழகுப்பொருளாக இருந்ததோடு பசி தீர்க்கும் பொருளாகவும் இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இலங்கையின் மத்திய மலைநாட்டில், இறம்பொடையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், லயன்களின் பின்புறத்தும் புதிய தனிவீடுகளின் ஓரத்தும் படிகளாக வெட்டப்பட்ட சிறு தோட்டங்கள் உள்ளன. அச்சரிவுகளில் எத்தகைய படர்கொடிகளையும் ஏறுகொடிகளையும் நடுதல் தகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது தாவரவியலோடு மட்டும் முடிந்துவிடும் வினா அன்று. நிலம் யாருக்குரியது என்னும் வினாவையும் அது உடன் அழைத்து வருகின்றது.

நிலமும் மழையும்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில், கொத்மலைப் பள்ளத்தாக்கை நோக்கிய செங்குத்துச் சரிவில் அமைந்துள்ளது இறம்பொடை. ஏறத்தாழ 109 மீற்றர் உயரமுள்ள அதன் நீர்வீழ்ச்சியே அந்நிலத்தின் சாய்வுக்குப் போதிய சான்றாகும். மே முதல் செப்தெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ இடிமழையும் இங்கு பெய்கின்றன. ஆகவே, மண் நனையாதிருக்கும் காலம் ஆண்டிற் குறைவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளின் காடு கோப்பிக்காக அழிக்கப்பட்டது. 1869 இல் இலங்கையில் இனங்காணப்பட்ட இலைத்துரு நோயினாற் கோப்பி வீழ்ச்சியுற, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறிய போதும் ஒரு வழக்கம் மாறவில்லை. ஒரு புல்லும் தலைகாட்டாத வெற்றுமண்ணே நல்ல தோட்டத்தின் அடையாளம் எனத் துரைமார் கருதினர். தொழிலாளரின் கையாற் சுரண்டிச் சுரண்டிக் களை நீக்கப்பட்ட அம்மண்ணை ஒவ்வொரு மழையும் ஆற்றிற் சேர்த்தது. இதன் விளைவு பிற்காலத்தே உணரப்பட்டது. மண்ணரிப்பை ஆராய நியமிக்கப்பட்ட குழுவின் அறிக்கை 1931 இல் வெளிவந்தது. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தேயிலை வரிசைகளின் இடையே அவுரி இனத்துப் படர்கொடிகளை நிலமூடிகளாக வளர்க்கும் முயற்சியும் நடைபெற்றது. இன்றும் இச்சரிவுகளிலிருந்து கழுவப்படும் மண்ணில் ஒரு பகுதி, 1985 இல் நிறைவெய்திய கொத்மலை நீர்த்தேக்கத்தைச் சென்றடைகின்றது.

தெரிவுக்குரிய மூன்று அளவுகோல்கள்

சரிவுக்குரிய கொடியைப் பூவின் நிறத்தையோ வளரும் வேகத்தையோ கொண்டு மதிப்பிடுதல் போதாது. மூன்று பண்புகளை நோக்க வேண்டும்.

முதலாவது, இலைப்போர்வையின் உயரம். மழைத்துளி வெற்றுமண்ணைத் தாக்கும்போது மண்துணிக்கைகள் சிதறுகின்றன. ஓடும் நீர் அவற்றை அள்ளிச் செல்கின்றது. நிலத்தை ஒட்டிய இலை அத்தாக்கத்தைத் தான் ஏற்றுக்கொள்ளும். உயர்ந்த பந்தலின் இலைகளோ சிறு துளிகளைத் திரட்டிப் பெருந்துளிகளாக்கி மீண்டும் கீழே விடுகின்றன. பந்தலின் அடியில் மண் வெறுமையாக இருப்பின், அப்பந்தலாற் சரிவுக்குப் பெரும் பயன் இல்லை.

இரண்டாவது, வேர் விடும் முறை. சில கொடிகள் ஓரிடத்தில் மட்டும் வேரூன்றித் தண்டை நீட்டுவன. வேறு சில, மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர் விடுவன. பின்னவை மேல்மண்ணைப் பல நூறு தையல்களாற் பிணைக்கின்றன.

மூன்றாவது, ஆயுளும் அறுவடையும். போஞ்சி போன்ற ஓராண்டுக் கொடிகளுக்காகப் பருவந்தோறும் மண்ணைக் கொத்த வேண்டும். பல்லாண்டுக் கொடி ஒருமுறை நிலைகொண்டால் மண் அசையாது கிடக்கும். கிழங்குக்காக வளர்க்கும் கொடியிலோ ஒரு முரண்பாடு உண்டு. வற்றாளை நிலத்தை அழகுற மூடும். ஆயின் மூன்று நான்கு மாதங்களிற் கிழங்கு அகழும் நாளில், அது காத்த மண் முழுவதும் கிளறப்படும். கபிலர் கண்ட காட்டு வள்ளி அடர்ந்த காட்டு மண்ணில் விளைந்தது. வெட்டப்பட்ட சரிவில் அதே அகழ்வு வேறு விளைவைத் தரும்.

படிநிலத்தின் உறுப்புகளும் அவற்றுக்குரிய கொடிகளும்

படிநிலத்தை ஒரே பரப்பாகக் கருதுதல் தவறு. சமதளமான படி, அதன் வெளிவிளிம்பு, செங்குத்தான சுவர், சுவரின் அடியில் ஓடும் கான் என நான்கு உறுப்புகள் அதற்கு உண்டு. ஒவ்வொன்றின் தேவையும் வேறானது.

படியிற் கொத்திப் பயிரிடலாம். போஞ்சி, பாகல், பீர்க்கு முதலிய ஓராண்டுக் கொடிகளும் வற்றாளையும் இங்கேதான் இடம்பெற வேண்டும். வற்றாளைக் கிழங்கை அகழும் காலம் பெருமழை மாதங்களில் விழாதவாறு நடுகையைத் திட்டமிடுதல் நன்று.

வெளிவிளிம்பே படிநிலத்தின் மிக மெலிந்த உறுப்பு. அது சிதைந்தால் படி முழுவதும் கரையும். ஆகையால் விளிம்பை ஒட்டி ஓரடி அகலத்துக்கு மண்வெட்டி படலாகாது. கணுதோறும் வேர் விடும் தாழ்ந்த பல்லாண்டுச் செடிகளே இவ்விடத்துக்கு உரியன. ஈரமும் சிறிது நிழலும் உள்ள இடத்தில் வல்லாரை சிறந்தது. அது மண்ணைப் பற்றுவதோடு சம்பலாகி உணவிலும் சேர்கின்றது. இலையை மட்டும் கிள்ளுவதால் வேர் அசைவதில்லை. வெயில் படும் விளிம்புக்கு, பிரேசிலைத் தாயகமாகக் கொண்டதும் கச்சான் இனத்தைச் சேர்ந்ததுமான அறாக்கிசு பிந்தோய் பொருந்தும். மஞ்சட் பூக்களுடன் பாயெனப் படரும் இச்செடி, வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்களின் துணையுடன் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்கவும் வல்லது.

மண்ணாலான சுவரின் மீது மேலிருந்து தொங்கும் கொடிகளைப் படரவிடலாம். வற்றாளையை இலைக்கறிக்காகவும் கால்நடைத் தீனிக்காகவும் மட்டும் வளர்ப்பதாயின், கிழங்கை அகழாது இவ்விடத்தும் விடலாம். பூசணியும் ஏற்றதே. எனினும் அதன் குழியை விளிம்பில் வெட்டினால், குழியில் தேங்கும் நீர் விளிம்பை இளக்கிவிடும். குழியைப் படியின் நடுவில் அமைத்து, கொடியை வெளிநோக்கித் திருப்பிவிட வேண்டும். காயின் பாரம் சுவரில் தொங்காது படியிலேயே தங்குமாறு பார்த்துக்கொள்ளுதலும் வேண்டும்.

சாந்தின்றி அடுக்கிய கற்சுவராயின் எச்சரிக்கை மிகத் தேவை. கற்களின் இடைவெளியே நீர் வெளியேறும் வாயில். தண்டும் வேரும் மரமாகித் தடிக்கும் கொடிகள் அவ்விடைவெளியிற் புகுந்து கற்களைத் தள்ளிவிடும். கல்லில் ஒட்டி ஏறும் அத்தி இனக் கொடி, பார்வைக்குப் பசுந்திரை போன்றிருப்பினும் அடுக்குச் சுவருக்கு ஆகாதது.

கானில் எக்கொடியும் இருத்தலாகாது. பூசணியோ பிற கொடியோ கானை மூடினால், உதிர்ந்த இலையும் மண்ணும் அங்கே அடைபடும். வழியிழந்த நீர் படிக்குள் இறங்கும். கொடி நன்கு வளர்ந்த தோட்டத்திலேயே இத்தவறு பெரும்பாலும் கண்ணிற் படாது போகின்றது.

ஏறுகொடியும் கொழுகொம்பும்

ஏறுகொடிகள் ஏறும் முறையிலும் வேறுபடுவன. போஞ்சியும் அவரையும் தண்டாற் சுற்றி ஏறும். கொடித்தோடை, சௌசௌ, பாகல் ஆகியன பற்றுக்கம்பிகளால் மெல்லிய கம்பியையும் கயிற்றையும் பிடிக்கும். மிளகும் வெற்றிலையும் ஒட்டுவேர்களாற் சொரசொரப்பான மரப்பட்டையைப் பற்றும். இவ்வேறுபாட்டை அறியாது துணை அமைப்பின் கொடி ஏறாது.

இங்கு ஓர் உண்மை கவனிக்கற்பாலது. ஏறுகொடி தன்னளவிற் சரிவைக் காப்பது சிறிதே. அதனைத் தாங்கும் கொழுகொம்பு உயிருள்ள மரமாயின், அம்மரத்தின் வேரே ஆழமண்ணைப் பிணைக்கின்றது. எனவே ஏறுகொடியைத் தெரிவு செய்தலாவது பெரும்பாலும் கொழுகொம்பைத் தெரிவு செய்தலேயாகும். வெட்டி நட்ட காய்ந்த கம்பு இரண்டொரு மழைக்காலத்தில் உக்கி விழும்; அதனை நடத் தோண்டிய குழியோ நீர் புகும் வழியாகும். கிளையை நட்டாலே வேரூன்றும் முள்முருக்கும் கிளிசிரியாவும் அவ்வாறல்ல. இலையை வெட்டிப் போட்டால் அது பசளையாகவும் மண்போர்வையாகவும் பயன்படும். கொத்மலைப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் மிளகுக்கு இத்தகைய உயிர்த்துணையே உகந்தது.

மலைநாட்டுக் குடும்பங்களின் பந்தலில் முதலிடம் பெறுவது சௌசௌ. நடு அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி, முளைவிட்ட முழுக்காயாகவே நடப்படுகின்றது. ஒருமுறை வேர் கொண்டால் பல ஆண்டுகள் காய்க்கும். காய் மட்டுமன்றி இளந்தண்டும் உணவாகும். ஆயினும் அதன் பந்தல் மழையிற் பெரும் பாரம் ஏற்கும். அடியில் நிழல் செறிவதால் மண் வெறுமையாகும். பந்தலைப் படியின் உட்புறமாக அமைத்து, அதன் நிழலில் வல்லாரையைப் பரப்பினால் மேலும் கீழும் இரு போர்வைகள் கிடைக்கும். பல்லாண்டுக் கொடிகளை மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களின் இடைப்பருவ மழையோடு நட்டால், மே மாதப் பெருமழைக்கு முன் அவை ஓரளவு நிலைகொள்ளும்.

விரைவின் ஆபத்து

எது விரைந்து மூடுமோ அதுவே சிறந்தது எனக் கொள்வதன் விளைவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு காட்டுகின்றது. 1930களில் அந்நாட்டு மண் பாதுகாப்புச் சேவை, கட்சு என்னும் ஆசியக் கொடியை மண்ணரிப்புக்கு மருந்தாக உழவரிடையே பரப்பியது. அக்கொடி மரங்களையும் கட்டடங்களையும் மூடிப் படர்ந்தபின், 1953 இல் அனுமதிக்கப்பட்ட நிலமூடிப் பயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நம் சரிவுகளிலும் மிக்கானியா என்னும் கொடி தேயிலையின் மேல் ஏறி அதனை மூடுகின்றது. மஞ்சட் பூவுடன் தெருவோரங்களிற் படரும் வெடேலியா பார்வைக்கு இனியது. கணுதோறும் வேர் விடுவது. ஆயின் பிற செடிகளை வாழவிடாதது. இவ்விரண்டும் உலகின் மிகக் கேடான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. அயலான் நிலத்தையும் காட்டையும் அழிக்கும் கொடியால் நம் படியைக் காத்தல் முறையாகாது.

கொடியால் இயலாதது

கொடிகள் மேல்மண்ணரிப்பைத் தடுக்க வல்லன. ஆழ்ந்த மண்சரிவைத் தடுக்க வல்லன அல்ல. மலையின் உட்புறம் நீரால் நிறைந்து, பல மீற்றர் தடிப்புள்ள மண் முழுதும் நழுவும்போது, ஓரடி ஆழத்து வேர் என் செய்யும்? 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டமையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையால் மலைநாட்டிற் பரவலாக நேர்ந்த சரிவுகளும் இதனை உணர்த்துகின்றன. நிலத்தில் வெடிப்பு, மரங்கள் புதிதாகச் சாய்தல், ஊற்று திடீரெனத் தோன்றுதல் அல்லது கலங்குதல் ஆகிய அடையாளங்கள் தென்படின் அவ்விடத்தை விட்டு அகலுவதே செய்யத்தக்கது. அடர்ந்த கொடி வெடிப்பை மறைக்கும் என்பதால், மழைக்காலத்திற் கொடியை விலக்கி நிலத்தைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். ஆபத்தான சரிவிலே குடியமர்த்திவிட்டுச் செடி நடுமாறு அறிவுரை கூறுதல், பொறுப்பைத் தொழிலாளரின் தலையில் ஏற்றுவதாகும்.

கொடியின் ஆயுளும் உரிமையின் ஆயுளும்

மேற்கூறிய அளவுகோல்களின்படி சரிவுக்கு நலம் பயப்பன பல்லாண்டுக் கொடிகளும் உயிருள்ள கொழுகொம்புகளுமே. ஆயின் லயன் தோட்டங்களில் ஓராண்டுக் கொடிகள் மிகுதியாக இருப்பதேன்? இதனை அறியாமை எனக் கூறுவோர் வரலாற்றை மறந்தோராவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. இம்மாற்றங்கள் எவற்றாலும், லயனின் பின்னுள்ள நான்கு படிகள் அங்கு உழைப்பவருக்கு உரியன ஆகவில்லை. நாளை தன் கையில் இருக்குமோ என்று அறியாத நிலத்தில், மூன்றாம் ஆண்டிற் பயன் தரும் மிளகை யார் நடுவர்? அறுபது நாளிற் காய்க்கும் போஞ்சியை நடுவதே அந்நிலையில் அறிவுடைமை.

2015 இன் பின்னர், 7 பேர்ச் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடும் பாதையும் போக எஞ்சுவது சிறு துண்டே. உறுதி இன்னும் கைக்கு வராதோரும் பலர். எனினும் தலைமுறைகளாக மறுக்கப்பட்ட ஒன்றின் தொடக்கம் என்ற வகையில் அதன் பெறுமதியை மறுப்பதற்கில்லை.

மண் பாதுகாப்புப் பற்றிப் பேசுவோர் செடிகளின் பட்டியலோடு நின்றுவிடுதல் போதாது. விளிம்புக்கு வல்லாரையும், பந்தலுக்குச் சௌசௌவும், கொழுகொம்புக்கு முள்முருக்கும் என்று கூறுதல் எளிது. அவற்றை நட்டுக் காத்திருக்கும் பொறுமை, அந்நிலம் தன் பிள்ளைக்கும் உரியது என்னும் உறுதியிலிருந்தே பிறக்கும். பாதுகாப்பான இடத்திற் காணியும், அதற்கான உறுதியும், நல்ல நடுகைத் துண்டங்களும் ஒருசேர வழங்கப்படுமாயின், இறம்பொடைச் சரிவின் மண்ணைக் காக்கும் கைகளுக்குப் பஞ்சம் இராது. அம்மலையைப் படிகளாக வெட்டியவையும் அக்கைகளே.