நெடுஞ்சாலையில் ஜில்... காந்தி ரோட்டில் அனல்! கார் ஏ.சி. என்ன சொல்கிறது?

கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு காஞ்சிபுரம் கிளம்புகிறீர்கள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏ.சி. ஜில்லென்று இருக்கிறது. பட்டுக் கடைகள் நிறைந்த காந்தி ரோட்டு நெரிசலில் கார் நின்று நின்று நகர்ந்ததும் அனல் காற்று வருகிறது. உடனே, ‘கேஸ் தீர்ந்துபோச்சு, அடிச்சுடலாம்’ என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்!

ஏ.சி. கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகிற பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிவருகிறது. சீக்கிரமே குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் அடித்தால், அதுவும் வெளியேறிவிடும். கூடவே கம்ப்ரஸருக்கான ஆயிலும் போகும். கடைசியில் கம்ப்ரஸரே பழுதாகி, பெரிய செலவு வைக்கும்.

அறிகுறியைப் பாருங்கள்

ஓடும்போது ஜில், நின்றால் சூடு: ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸர்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. கார் ஓடும்போது எதிர்க்காற்றே அதைக் குளிர்விக்கும். நின்றால் ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். எனவே முதலில் ஃபேன் சுற்றுகிறதா, கண்டென்ஸரில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, கை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

காற்றே குறைவு: கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பல கார்களில் இது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும்.

டேஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ சத்தம்: சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் தடுப்பை நகர்த்தும் சிறிய மோட்டார் பழுதாகியிருக்கலாம்.

ஆட்டோமேட்டிக் ஏ.சி. குழப்பம்: பல கார்களில் வெயிலை அளக்கும் சென்ஸர், டேஷ்போர்டின் மேல் கண்ணாடி ஓரம் இருக்கும். பிள்ளையார் சிலையோ துண்டோ அதை மறைத்தால், வெயில் குறைவு என்று கணக்கிட்டு ஏ.சி. குளிரைக் குறைத்துவிடும்.

கால் மிதியடி ஈரம்: தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் கவலை வேண்டாம், அது இயல்பு.

மெக்கானிக்கிடம் கேளுங்கள்

“கசிவு இருக்கானு பார்த்தீங்களா? எந்த இடம்? எத்தனை கிராம் அடிக்கப்போறீங்க?” இந்த மூன்று கேள்விகள் போதும். கேஸின் வகையும் அளவும் பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரிலேயே இருக்கும். அளவுக்கு மேல் அடித்தாலும் குளிர்ச்சி குறையும். கேஸ் குழாயை நீங்களே கழற்றாதீர்கள். பீறிடும் கேஸ் பட்டால் தோல் உறைந்து புண்ணாகிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ‘ஏ.சி. ஓடுதே’ என்று நம்பி, குழந்தையையோ முதியவரையோ காரில் விட்டுவிட்டுப் புடவை பார்க்கப் போகாதீர்கள். ஏ.சி. நின்றுபோனால், மூடிய கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும்.