திரைக்குள் ஓர் ஆலயம்



'அவதாரம்' என்ற சொல் நமக்குப் புதியதல்ல. ஆனால் கணினி உலகில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. திரைக்குள் நமக்குப் பதிலாக நடமாடும் உருவத்தை 'அவதார்' என்கிறார்கள். நமது விண்ணப்பங்களில் ஒட்டும் புகைப்படம் போன்றதல்ல அது. நடக்கும், திரும்பும், பேசும். பலருடைய அவதார்கள் ஒரே நேரத்தில் கூடும் முப்பரிமாண உலகங்கள் 1990களின் நடுவில் இணையத்தில் தோன்றின. அவற்றைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

அவற்றுள் பெரியது, 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல்ஃபாவேர்ல்ட்'. பின்னர் 'ஆக்டிவ் வேர்ல்ட்ஸ்' என்ற மென்பொருளின் முதல் உலகமாக அது பெயர்பெற்றது. அது இயங்கிய முறை எளிமையானது. மென்பொருளைக் கணினியில் நிறுவி உள்ளே நுழைந்தால், பரந்த பசும்புல்வெளி. அம்புக்குறி விசைகளை அழுத்தினால் நடக்கலாம். தட்டச்சு செய்த வார்த்தைகள் நமது அவதாரின் தலைக்கு மேலே தெரியும். நாம் எங்கே நிற்கிறோம் என்பதை நமது கணினி தலைமைக் கணினிக்குச் சொல்ல, அது அருகில் நிற்பவர்களுக்குச் சொல்லும். தொலைபேசி வழி இணைய இணைப்பு மெதுவானது. எனவே அருகில் உள்ள கட்டடங்கள் மட்டும், சுவர் சுவராக, கண்முன் எழும்பி வரும்.

ஆள் இல்லாத இடத்தில் யாரும் வீடு கட்டலாம். ஏற்கெனவே உள்ள ஒரு சுவரையோ தூணையோ நகல் எடுத்து, நகர்த்தி வைத்தால் போதும். அந்த நிலப்பரப்பு ஏறக்குறைய கலிபோர்னியா மாநிலத்தின் அளவு! மக்கள் அங்கே ஊர்களை எழுப்பினார்கள். 1996இல் ஒரு திருமணமே நடந்தது. ஆனால் அடுத்தவர் வீட்டு வாசலை அடைத்துக் கட்டித் தொல்லை தந்தவர்களும் இருந்தார்கள்.

இத்தகைய உலகில் ஓர் ஆலயம் எழும்பினால்? அதுவும் நடந்தது. 2004ஆம் ஆண்டு மே மாதம், பிரிட்டன் மெத்தடிஸ்ட் திருச்சபையின் ஆதரவோடு 'சர்ச் ஆஃப் ஃபூல்ஸ்' என்ற முப்பரிமாண ஆலயம் திறக்கப்பட்டது. ஆலயப் படி ஏறாதவர்களையும் எட்டவேண்டும் என்பதே நோக்கம். திறப்பு வழிபாட்டில் லண்டனின் ஆங்கிலிக்கன் ஆயர் ரிச்சர்ட் சார்ட்டர்ஸ் மறையுரை ஆற்றினார். வந்தவர்களின் அவதார்கள் இருக்கையில் அமர்ந்தன, முழந்தாளிட்டன, கைகளை உயர்த்தின. சிலர் மறையுரை மேடையில் ஏறிக் கெட்ட வார்த்தைகளைக் கத்தியதும் உண்டு. எனவே மேடைக்குத் தடை போட்டார்கள். தொல்லை தருபவர்களை வெளியேற்றக் காவலர்களையும் வைத்தார்கள்.

இது நமக்கு உணர்த்துவது என்ன? உருவம் பொம்மையாக இருக்கலாம். அதை இயக்கும் மனிதர் பொம்மையல்ல. அவருடைய செபமும் உண்மை, அவர் வீசும் வசைச்சொல்லும் உண்மை. திரைக்குப் பின்னால் செய்ததற்குக் கணக்கில்லை என்று எண்ண வேண்டாம்.

ஆனால் முழந்தாளிட்டது பொம்மை. அதை இயக்கியவரோ நாற்காலியில் அமர்ந்திருந்தார். இங்கேதான் எல்லைக்கோடு. சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை, 2002ஆம் ஆண்டு வெளியிட்ட 'திருச்சபையும் இணையமும்' என்ற ஏட்டில் இதைத் தெளிவாகச் சொன்னது: இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை, நற்கருணையில் ஆண்டவரின் உண்மையான பிரசன்னத்திற்கு மாயத்தோற்றம் ஈடாகாது. கணினி அவதாரில் மனிதர் தம் உடலை வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைகிறார். இறைமகனோ உடல் எடுத்து நம்மிடம் வந்தார். தண்ணீர், எண்ணெய், அப்பம், இரசம், தலைமேல் வைக்கப்படும் கை இவையெல்லாம் உடலைத் தொடுபவை.

2020இல் நோய்த்தொற்றால் ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது நாம் திரையில்தான் திருப்பலி கண்டோம். அது ஆறுதல் தந்தது, பசியை ஆற்றவில்லை. கதவு திறந்தபின்னும் இன்றுவரை திரையோடு நின்றுவிட்டவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறைசொல்வதைவிட, ஏன் வரவில்லை என்று கேட்போம். முழங்கால் வலியா? பழைய மனத்தாங்கலா? தனிமையா? நடக்க முடியாதவரின் வீட்டுக்கு நற்கருணையோடு போவோம். மனம் நொந்தவரின் வாசலில் வெறுங்கையோடாவது போய் நிற்போம்.

திரைக்குள் ஆலயம் கட்டியவர்கள், வராதவர்களைத் தேடித்தான் அங்கே போனார்கள். தேடிப் போவதை அவர்களிடம் கற்றுக்கொள்வோம். நம்முடைய கால்களாலேயே போவோம்.