காளையின் பக்கம் யார்?

ஓசூருக்கு அருகே கோபசந்திரம் என்று ஒரு கிராமம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 2ந் தேதி அங்கே எருது விடும் விழா நடப்பதாக இருந்தது. காளைகள் வந்துவிட்டன, ஜனங்களும் கூடிவிட்டார்கள். அனுமதி மட்டும் கைக்கு வரவில்லை. அவ்வளவுதான், இளைஞர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். லாரிகளும் பஸ்களும் மணிக்கணக்கில் நின்றன. கற்கள் பறந்தன. போலீசார் தடியடி நடத்திக் கண்ணீர்ப் புகையும் வீசினார்கள்.

இவ்வளவு ரகளையும் யாருக்காக? சாலையை மறித்தவர்கள், "எங்கள் காளைக்காக" என்பார்கள். இந்த விழாவே கூடாது என்று கோர்ட்டுக்குப் போன ஜீவகாருண்ய சங்கத்தாரும், "காளைக்காகத்தான்" என்பார்கள். இரு தரப்பாரும் ஒரே பிராணியின் பெயரால் வாதாடுகிறார்கள். அதற்கோ வாயில்லை. அப்படியானால் உண்மையில் அதன் பக்கம் நிற்பவர் யார்?

சட்டம் பிறந்த கதை

கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952ல் ராஜ்ய சபை அங்கத்தினராக நியமனம் பெற்றார். பிராணிகளைக் காக்க அவர் தனி மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். சர்க்காரே விரிவான சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அதை விலக்கிக் கொண்டார். ஆனால் விஷயத்தை விட்டுவிடவில்லை. பல ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்தார். 1960ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

பிற்காலத்தில் அந்த வாரியமும் 'பீட்டா' சங்கமும் ஜல்லிக்கட்டை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை சென்றன. ஆட்களை அனுப்பி நேரில் பார்க்கச் செய்து சாட்சியம் திரட்டின. வாலை முறுக்குவது, கடிப்பது, சாராயம் புகட்டுவது, கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவது ஆகிய கொடுமைகள் கோர்ட்டின் முன் வைக்கப்பட்டன. இதில் குற்றம் காண இடமில்லை. கண்டதை ஆதாரத்துடன் சொல்லுவதுதான் வாயில்லா ஜீவனுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி. 2014 மே 7ந் தேதி கோர்ட் தடை விதித்தது.

கோர்ட்டில் ஜெயம், ஊரில்?

ஆனால் காளையைப் பிள்ளைபோல் வளர்த்த குடியானவன், தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டதாகவே நினைத்தான். அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி அவன் மனத்தை மாற்றும் வேலை நடக்கவில்லை. விளைவு என்ன? 2017 ஜனவரியில் மெரினா கடற்கரையில் மக்கள் வெள்ளம் திரண்டது. சில நாட்களிலேயே சட்டசபை புதிய சட்டம் செய்தது. மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா எல்லாம் அதில் அடக்கம். 2023 மே 18ந் தேதி, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச் அச்சட்டம் செல்லும் என்றது. எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் கம்பளாவுக்கும் அதே தீர்ப்புத்தான்.

விழா இல்லாவிட்டால் நாட்டு மாட்டினமே அழியும் என்கிறார்கள் வளர்ப்பவர்கள். டிராக்டர் வந்த பிறகு உழவுக்குக் காளை தேவைப்படுவது குறைந்துவிட்டது. ஆலம்பாடி போன்ற இந்தப் பக்கத்து இனங்கள் அருகி வருவதும் உண்மையே. இந்த வாதத்தை அலட்சியம் செய்வது சரியல்ல. ஆனால் தீனி போட்டு வளர்ப்பதனாலேயே வதைக்கும் உரிமை வந்துவிடாது என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்!

இனி என்ன செய்வது?

கிருஷ்ணகிரி ஜில்லா விழா மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டைப் போன்றதல்ல. இங்கே திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. ஜனக் கூட்டத்துக்கு நடுவே காளை ஓடுகிறது. எனவே, அதற்கு நேரும் துன்பமும் வேறு: மிரட்டல், இருபுறமும் அடிக்கும் கைகள், இடறி விழும் அபாயம். குறை சொல்பவர் இங்கே வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

கலெக்டர் அனுமதி, கால்நடை டாக்டர் பரிசோதனை, தடுப்பு வேலி என்று விதிகள் இருக்கின்றன. விழா நாளில் அவை நடக்கின்றனவா என்று பார்ப்பதே இன்றைய ஜீவகாருண்யத் தொண்டு. எல்லையில் மாட்டு லாரியைக் கண்டாலும் இதே நியாயந்தான். ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது 1978ஆம் ஆண்டு விதி. எண்ணிப் பார்த்துப் போலீசில் சொல்பவர் மாட்டுக்கு உதவுகிறார். டிரைவரை இறக்கி அடிப்பவரோ கொடுமையை ஒரு பிராணியிடமிருந்து இன்னொரு பிராணிக்கு மாற்றுகிறார். அதற்குக் கருணை என்று பெயரில்லை.

கோர்ட் வேண்டாம் என்பதல்ல. கோர்ட்டின் கட்டளை விழாத் தெருவரை வந்து சேர உள்ளூர்க்காரர் வேண்டும். "இந்தக் காளை களைத்துவிட்டது, இதை விடாதே!" என்று சொல்ல ஊருக்கு ஒருவர், அதுவும் காளை வளர்ப்பவர்களிலேயே ஒருவர், முன்வரட்டும். காளையின் பக்கம் நிற்பவர் அவரே. அப்படிப்பட்டவரை உண்டாக்குகிற சங்கமே உண்மையான ஜீவகாருண்ய சங்கம்.