முன்கூட்டி ஓய்வு பெறுவோரும் வைத்திய இன்ஷூரன்ஸும்

நமது அங்கத்தினர்களின் குடும்பங்களில் தறியையும் நிலத்தையும் மட்டுமே நம்பி வாழ்பவை இன்று சிலவே. ஒரு மகன் தறியில் அமர்ந்தால், மற்றொருவன் நூற்பாலையிலோ மோட்டார்த் தொழிற்சாலையிலோ மாதச் சம்பளத்துக்கு உழைக்கிறான். இத்தகைய பெரிய ஸ்தாபனங்கள் ஆட்களைக் குறைக்க முற்படும்போது, 50 வயதை எட்டியவர்களுக்கு ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்கு விருப்ப ஓய்வு என்று பெயர். விருப்பம் யாருடையது என்பது வேறு விஷயம். பி.எஸ்.என்.எல். ஸ்தாபனத்திலிருந்து மட்டும் 2020 ஜனவரி 31 அன்று ஏறத்தாழ 78 ஆயிரம் பேர் இவ்வாறு விலகினர்.

விலகுகிறவர் கிராஜுவிட்டியைக் கணக்கிடுகிறார், பிராவிடண்ட் பண்டைக் கணக்கிடுகிறார். அதுகாறும் ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்கி வந்த கூட்டுப் பாலிஸியை மட்டும் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதில்லை. சம்பளத்தில் அது தனியாகத் தெரியாதபடியால், அதன் விலையும் தெரிவதில்லை.

நமது நெசவாளர் ஒருவரின் மூத்த மகன் சென்னைக்கு அருகிலுள்ள ஒரு தொழிற்சாலையில் 24 ஆண்டுகள் பணிபுரிந்து, 52-வது வயதில் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். எட்டு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. கம்பெனியின் கூட்டுப் பாலிஸியில் அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. வந்த பணத்தில் வீட்டைச் செப்பனிட்டு, ஒரு கடனை அடைத்து, நான்கு மாதம் கழித்தே புதிய பாலிஸி ஒன்றை எடுத்தார். அவ்வாண்டு முடியுமுன் சிறுநீரகத்தைப் பற்றிய வியாதி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. அது பழைய நீரிழிவின் விளைவு என்றும், அத்தகைய வியாதிகளுக்கு 3 ஆண்டுக் காத்திருப்பு உண்டு என்றும் இன்ஷூரன்ஸ் கம்பெனி பதில் எழுதியது. பத்திரத்தில் அவ்வாறே அச்சிட்டிருந்தது. தகப்பனார் தறிக்கூடத்தை ஒட்டிய நிலத்தை விற்றுக் கட்டினார்.

இங்கு நேர்ந்த பிழை மலிவான பாலிஸியை எடுத்ததன்று. எடுத்த காலமே பிழை. பாலிஸி எடுக்கும்போதே உள்ள வியாதிகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் விதிக்கும் காத்திருப்பு 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதங்கள். அதற்கு முன்பு 48 மாதங்களாக இருந்தது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்றுச் சிகிச்சை போன்றவற்றுக்கும் தனியே காத்திருப்பு உண்டு. இந்தக் காலம் எப்படியும் கழிந்தாக வேண்டும். உத்தியோகத்தில் இருக்கும்போதே, கம்பெனியின் கூட்டுப் பாலிஸி நிழலாக இருக்கும்போதே, அதைக் கழித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். 55-ல் விலக நினைப்பவர் 51-லேயே தம் பெயரிலும் மனைவியின் பெயரிலும் ஒரு சொந்தப் பாலிஸியைத் தொடங்கினால், விலகும் நாளில் காத்திருப்பு தீர்ந்திருக்கும். இரண்டு பாலிஸி எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். அந்த நான்கு ஆண்டுப் பிரீமியம் வீண் செலவு போலத் தோன்றும், வாங்குவது காலத்தை.

அவ்வாறு செய்யாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கூட்டுப் பாலிஸியிலிருந்து விலகுகிறவர், அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிஸிக்கு மாறிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். கூட்டுப் பாலிஸியில் கழிந்த காலம், பழைய காப்புத் தொகை அளவுக்கு, காத்திருப்பில் கழித்துக் கொள்ளப்படும். உடல்நிலையைப் பரிசீலித்து முடிவு செய்யும் உரிமை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உண்டு. ஆகையால் நிச்சயமான அனுமதி என்று கருதிவிடலாகாது. எனினும் இந்த விண்ணப்பம் பாலிஸி உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு ஒன்றரை மாதம் முன்பாவது, எத்தனை ஆண்டுகளாகத் தம் பெயர் எவ்வளவு தொகைக்குப் பாலிஸியில் இருந்தது என்பதற்கு அலுவலகத்தில் எழுத்து மூலமான சான்று கேட்டு வாங்கிவிட வேண்டும். விலகிய பிறகு அந்தக் காகிதத்துக்காக வாயிற்காவலரிடம் நிற்க நேரிடும்.

குறைந்த சம்பளத்தில் இருந்த தொழிலாளிக்கு இதைவிட மலிவான உரிமை ஒன்று உண்டு. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் குறைந்தது 5 ஆண்டுகள் சேர்ந்திருந்து, ஓய்வு வயதிலோ விருப்ப ஓய்விலோ விலகுகிறவர், மாதம் 10 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டித் தமக்கும் மனைவிக்கும் வைத்திய வசதியைத் தொடர்ந்து பெறலாம் என்று அதன் விதிகள் கூறுகின்றன. 2017-ல் சம்பள வரம்பு 21,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்குள் இருந்து விலகுகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் இதுவே. 120 ரூபாய்க்குக் கிடைப்பதை அறியாமல் பல ஆயிரம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அரசாங்கத் திட்டங்களையும் மறந்துவிடக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சம்பளம் நின்ற பிறகு இந்த வரம்புக்குள் வந்துவிடும் குடும்பங்கள் உண்டு. வைப்புத் தொகையின் வட்டியும் வருமானமே என்பதை நினைவில் கொண்டு சான்றிதழ் கேட்பது நேர்மை. 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று மத்திய அரசாங்கம் 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டமும் இருக்கிறது. ஆனால் 52-ல் விலகுகிறவருக்கும் 70-க்கும் இடையே 18 ஆண்டுகள் கிடக்கின்றன.

அந்த 18 ஆண்டுகளும் கட்டக்கூடிய பாலிஸியே மலிவான பாலிஸி. முதலாண்டுப் பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள், 60-ல் அது எவ்வளவாகும், 65-ல் எவ்வளவாகும் என்று ஏஜண்டைக் கேட்பதில்லை. வயதுக்குரிய கட்டண அட்டவணை ஒவ்வொரு கம்பெனியிலும் உண்டு, கேட்டால் தருவார்கள். 60 வயதுக்கு மேற்பட்டோரின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதாயின் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிஸிகளின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் நீங்கிற்று. இவை சிறிது மூச்சு விட இடம் தருகின்றன.

செலவைக் குறைக்க இரண்டு கிளை உபாயம் உண்டு. 3 அல்லது 5 லட்சத்துக்கு ஒரு சாதாரணப் பாலிஸி எடுத்து, அதற்கு மேற்பட்ட தொகைக்கு 'சூப்பர் டாப்-அப்' என்னும் பாலிஸியைச் சேர்த்துக் கொள்வது, ஒரே பெரிய பாலிஸியைவிடப் பெரும்பாலும் மலிவாக முடியும். வெறும் 'டாப்-அப்' ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போதும் தனித்தனியே கணக்குப் பார்க்கும். 'சூப்பர்' என்பது ஆண்டின் செலவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும். வயதானவர்கள் ஓராண்டில் இரண்டு மூன்று முறை படுக்க நேரிடுவதால் பின்னதே பயன்படும்.

அறை வாடகை வரம்பைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். பாலிஸி நாளொன்றுக்கு 3,000 ரூபாய் அறையை அனுமதிக்க, நாம் 6,000 ரூபாய் அறையில் படுத்தால், பாதி வாடகை மட்டுமன்று, டாக்டர் கட்டணத்திலும் ஆபரேஷன் கட்டணத்திலும் பாதியை நம் தலையில் கட்டக்கூடும். மருந்து விலை இந்த வெட்டில் சேராது. உறவினர் பார்க்க வருவார்களே என்று பெரிய அறை கேட்பது நம்மவர்களின் வழக்கம்; அந்த மரியாதைக்கு விலை அதிகம்.

வியாதியை மறைத்து எழுதச் சொல்லும் ஏஜண்டை நம்பலாகாது. கட்டணம் சிறிது கூடினாலும் நீரிழிவை நீரிழிவு என்றே எழுத வேண்டும். 60 மாதங்கள் இடைவிடாமல் கட்டிவந்த பாலிஸியை, மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, பழைய விவரங்களைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுக்க முடியாது. மறைத்தவருக்கு அந்த ஒரு வாயிற்படி எப்போதும் பயமாகவே நிற்கும்.

கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினரான விவசாயிகளுக்கென்று 2003-ல் தொடங்கிய யஷஸ்வினி திட்டத்தில் அன்று தலைக்கு மாதம் 5 ரூபாய்தான் சந்தா. 2018-ல் அது அரசின் பொதுத் திட்டத்தில் கலந்து, 2022-ல் மீண்டும் உயிர்பெற்றது; அப்போது நால்வர் கொண்ட கிராமக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் என வைத்தனர். ஊர் திரும்பும் பிள்ளைகளை உத்தேசித்து நமது சங்கங்களும் இதைப் பற்றி மகாசபையில் ஒரு முறை பேசினால் குற்றமில்லை.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று. ஓய்வுத் தொகையில் 5 லட்சத்தைத் தனியே வைப்பில் போட்டு, அதன் வட்டியைப் பிரீமியத்துக்கென்றே ஒதுக்குவது. நூற்றுக்கு 7 கிடைத்தால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். தொடக்க ஆண்டுகளில் மிஞ்சுவதை எடுத்துச் செலவழிக்காமல் அசலோடு சேர்த்துவிட்டால், 60-க்கு மேல் உயரும் கட்டணத்துக்கு அது ஈடுகொடுக்கும். முன்சொன்ன நெசவாளரின் இளைய மகன் இவ்வாண்டு 47 வயதில், வேலையில் இருக்கும்போதே, தம் பெயரில் பாலிஸி எடுத்திருக்கிறார். முதல் பிரீமியத்தைத் தகப்பனார்தான் கட்டினாராம்.